ராத்திரி எட்டு மணிக்குத் திறந்திருக்கும் ஓபி

போன ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா எந்த ஊர் என்று விசாரித்தார். கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் என்றேன். "ஓ, அங்க ஆம்பளைங்க எல்லாம் ரொம்பக் குடிப்பாங்கன்னு சொல்வாங்களே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பரிமாறுகிறவரிடம் எனக்கு இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கிக்கூட வைத்தார். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு, வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகத் தமிழர்கள் தங்கவயலுக்கு வந்தார்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். வேலைதான் போனது, ஜனம் போகவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் மட்டும் 1.6 லட்சம் பேர். அவர்களில் உழைக்கிற வயதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் விடிவதற்கு முன்னால் எழுந்து மாரிக்குப்பம் ரயில் வண்டியைப் பிடித்து, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெங்களூருக்கு வந்து, கட்டட வேலை, ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு ராத்திரிதான் வீடு திரும்புகிறார்கள்.

அதாவது பகலில் எங்கள் ஊர் ஒன்று, ராத்திரி வேறொன்று. பகலில் லைன் வீடுகளில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வயதானவர்களும் குழந்தைகளும்தான். ஸ்கூல் விட்டு நாலு மணிக்கு வருகிற பையனுக்கு அம்மா அப்பா முகம் தெரிய ஒன்பதாகிவிடும். இடையில் அந்த ஐந்து மணி நேரம் அவனை யார் பார்ப்பது? போதைப் பழக்கம் பற்றி எய்ம்ஸ் செய்து 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. மது, கஞ்சா எல்லாவற்றிலும் பெரியவர்கள் விகிதம்தான் அதிகம். ஒயிட்னர், பஞ்சர் சொல்யூஷன் மாதிரி முகர்ந்து இழுக்கிற பொருள்களில் மட்டும் சிறுவர்கள் முந்துகிறார்கள்: பெரியவர்களில் 0.58 சதவீதம், சிறுவர்களில் 1.17 சதவீதம். இது நாடு முழுவதற்குமான கணக்கு. ஆனால் நாலு மணிக்குக் காலி வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

சரி, என் தம்பி கதைக்கு வருகிறேன். அவன் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன்.

பதினொரு வருஷக் குடி. கடைசியில் காலையில் ஒரு குவார்ட்டர் இல்லாமல் சட்டைப் பொத்தான் போட வராது. "அக்கா, கை நிக்க மாட்டேங்குது" என்பான். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, வாயைக் கிளாஸிடம் கொண்டுபோய்க் குடிப்பான். திமிர் என்று நாங்கள் நினைத்தோம். அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் வாங்கினார். அவனும் சுத்தமாக நிறுத்திவிட்டான். திங்கள் முழுக்க வேர்வை, வாந்தி, தூக்கமே இல்லை. அம்மாவுக்குச் சந்தோஷம், விஷம் இறங்குகிறது என்று. செவ்வாய்க்கிழமை காலை வண்டி மாலூர் தாண்டியதும் தம்பி நின்ற இடத்திலேயே விழுந்தான், வலிப்பு வெட்டி வெட்டி இழுத்தது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார்கள். வைட்ஃபீல்டில் இறக்கி, கூட வந்தவர்களே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது.

டியூட்டி டாக்டர் கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டார். நான் அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "ரெண்டு நாளா தொடவே இல்ல சார்!" என்று பெருமையாகச் சொன்னார் அம்மா.

"அதனாலதான்மா" என்றார் டாக்டர்.

நான் அன்றைக்குப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கதவை வெளியிலிருந்து ஒருவன் வருஷக்கணக்கில் தள்ளுகிறான், உள்ளே இருப்பவன் அதே பலத்தோடு எதிர்த்துத் தள்ளுகிறான். வெளியே இருப்பவன் சட்டென்று விலகினால் உள்ளே இருப்பவன் குப்புற விழுவான். சாராயம் மூளையை அழுத்துகிறது, மூளை எதிர்த்து முறுக்கிக்கொண்டு நிற்கிறது. குடியைத் திடீரென்று நிறுத்தினால் அந்த முறுக்கு அப்படியே வெளியே வரும். சில மணி நேரத்தில் நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரிகிற குழப்பம். அதில் உயிரே போகலாம். இதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். அது போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கு ஆபத்து வரலாம். கற்பூரத்தை நான் குறை சொல்லவில்லை, அது அம்மாவின் நம்பிக்கை. ஆனால் தினமும் குடிக்கிறவரிடம் "இன்னைக்கே நிறுத்து" என்று சத்தியம் வாங்காதீர்கள். முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

அப்புறம் ஐந்து மாதம் தம்பி தொடவில்லை. ஆறாவது மாதம் மறுபடி ஆரம்பித்தான். எல்லோரும் அவன் மனசைத்தான் திட்டினார்கள், நானும் திட்டினேன். பிறகுதான் அவன் ஓபி சீட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று தேதி விட்டுப்போயிருந்தது. மூன்றும் வார நாள், காலை ஒன்பது மணி. ஒரு தேதிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். காண்ட்ராக்டரிடம் என்ன காரணம் சொல்வது? உண்மையைச் சொன்னால் வேலையே போகும். சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரை விட்டுச் சர்க்கரை ஏறினால் அவரைக் குணம் கெட்டவர் என்று யாராவது சொல்கிறோமா?

அதே கணக்கெடுப்பு சொல்கிறது: குடிநோய் முற்றியவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180க்கு ஒருவர். மிச்சப் பேரெல்லாம் திருந்த மனசில்லாதவர்களா?

எங்கள் லைனில் இன்னொரு வீடு. பையனுக்கு இருபத்திரண்டு வயது. ஓபியம் வகையைச் சேர்ந்த ஒரு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறான். போலீஸ் பயத்தில் அப்பா அம்மா வெளியே சொல்லவில்லை, கடன் வாங்கி நகரத்துக்கு வெளியே ஒரு தனியார் இல்லத்தில் விட்டார்கள். அங்கே காலைச் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவது எந்த விதத்திலும் கூடாது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பும் அந்தச் சட்டத்துக்குள் வரும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ பிரிவு இருக்கிறது. போதை எடுத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்த நோயாளி, தானாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்தால் அவருக்கு அது பாதுகாப்பு தருகிறது. இதை அந்த அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து வந்த பிள்ளை இப்போது நிழலைப் பார்த்தாலும் மிரள்கிறான். பழக்கம் விட்டுப்போன இந்த நேரத்தில் பழைய அளவை ஏற்றிக்கொண்டால் உடம்பு தாங்காது, மூச்சே நின்றுவிடலாம். ஓபியம் வகைப் பழக்கத்துக்கு பியூப்ரெநார்ஃபின் என்று நாக்கடியில் வைக்கிற மாத்திரை இருக்கிறது. 2005இலேயே உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போதைச் சிகிச்சைக்கென்றே தனி மையம் இருக்கிறது. அது எங்களுக்குப் பெரிய பலம். ஆனால் மாதா மாதம் தொடர வேண்டிய வைத்தியத்துக்கு ஒரு ஊரே நூறு கிலோமீட்டர் வர முடியாது. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் குடி, போதைக்குச் சிகிச்சை தரும் சென்னை டி.டி.கே. மருத்துவமனை முகாம் போட்டு, ஜனங்களை அவர்கள் ஊர்ப்பக்கமே வைத்து வைத்தியம் செய்து காட்டியிருக்கிறது. எங்களால் முடியாதா? சுரங்கத்தோடு மூடிப்போன கம்பெனி ஆஸ்பத்திரியை 2021 கொரோனா அலையின்போது தூசு தட்டிப் படுக்கை போட்ட ஊர் இது.

தம்பி குடித்து இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. புது சூப்பர்வைசர் வார லீவை அவன் ஓபி நாளுக்கு மாற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான் நடந்தது. ராத்திரி மனசு அலைபாய்ந்தால் 14416 என்கிற அரசு மனநல உதவி எண்ணுக்கு போன் போட்டுப் பேசுகிறான். குடி, போதைக்கென்றே தனியாக 14446 என்ற எண்ணும் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. எங்கள் ஊர் உரிகம் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு அறை, வாரத்தில் இரண்டு நாள், ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு மருந்து அலமாரி. வண்டியிலிருந்து இறங்குகிறவர் வீட்டுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம். மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாரிக்குப்பம் வண்டியில் வருகிறவர்கள் எந்த இரண்டு நாள் உங்களுக்குத் தோதுப்படும் என்று கீழே எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நாட்களை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.