எங்களைச் சாக்கு சொல்லாதீர்கள்

ஸ்போர்ட்ஸ் டே விஷயம் இதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பாதர்கள் நடத்துகிற எங்கள் பள்ளியில் பிள்ளைகளைப் பிரிக்கிற அணிகளுக்குப் புனிதர்கள் பெயர்தான்; சவேரியார், பிரிட்டோ, தெரேசா, போஸ்கோ என்று இருந்த அந்த நாலு ஹவுசும் போய் டைட்டன்ஸ், ஸ்பார்ட்டன்ஸ், இன்னும் என்னவோ ரெண்டு வந்தாச்சு. அவர்கள் பள்ளி, அவர்கள் இஷ்டம் என்று விட்டிருப்பேன். சொன்ன காரணம்தான் உறுத்துகிறது. பிற மதத்துப் பெற்றோர் மனம் புண்படக் கூடாதாம்.

அந்தப் பிற மதத்துப் பெற்றோர் நான்தான் ஐயா. மார்கழியில் சுசீந்திரம் தேர் இழுக்கிற குடும்பம். அதே பள்ளியில் பிரிட்டோ ஹவுசில் படித்தேன், என் மகளும் பிரிட்டோ. எங்கள் மனம் எப்போது புண்பட்டது? யாரிடம் வந்து அழுதோம்?

பிரிட்டோவுக்குச் சிவப்புக் கொடி. ஏன் சிவப்பு என்று கேட்டால் பாதர் ஓரியூர் மண்ணைப் பற்றிச் சொல்வார். 1693 பிப்ரவரி 4, சேதுபதி சீமையில் பிரிட்டோவின் தலையை வெட்டிய இடம், இன்றும் அந்த மணல் சிவப்பு. ஒன்பதாம் வகுப்பில் அவர் திருநாளன்று அசெம்ப்ளியில் அவருடைய வரலாற்றை வாசிக்கிற வேலை எனக்கு வந்தது. முந்தின ராத்திரி அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர் இங்கே வந்து காவி உடுத்து, கறி மீன் விட்டு, பண்டார சாமியாக அலைந்தார் என்ற இடம் வந்ததும், நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்திருந்த அப்பா, "இவரு நம்ம ஆளு மாதிரில்லா இருக்காரு!" என்றார். புண்பட்ட மனம் இதுதான் போல.

"இப்படித்தான் மெல்ல மதத்தைத் திணிப்பார்கள்" என்று ஒரு அண்ணன் கமெண்டில் வருவார், தெரியும். அண்ணே, நான் இன்னும் தேர்தான் இழுக்கிறேன். "பழைய மாணவனுக்கு என்ன பேச்சு" என்பவர்களுக்கு: ஃபீஸ் கட்டுகிறேன்.

1982-இல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் பார்த்த குமரி மாவட்டம் இது. அதற்கு அப்புறமும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளை அதே பாதர்களை நம்பித்தான் அனுப்பினார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு, டிசம்பர் 3, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேர் பார்க்க எந்த மதத்துக்காரன் போகாமல் இருக்கிறான்? ஊருக்கு ஆகிற சவேரியார் ஒரு கொடியில் இருந்தால் ஆகாதா?

பெயர் பழசாகிவிட்டது என்றால் தேவசகாயம் இருக்கிறாரே! நட்டாலத்தில் பிறந்தவர். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், அடக்கம் கோட்டாற்றில். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது ஊரெல்லாம் பிளெக்ஸ் வைத்தீர்கள். துறவி இல்லாத இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் புனிதர் பட்டம். அவர் பெயரில் ஒரு ஹவுஸ் வைக்கத் தோன்றவில்லை, டைட்டன்ஸ் தோன்றியிருக்கிறது. அது கிரேக்கக்காரனின் பழைய சாமிக் கூட்டம் என்றாவது தெரியுமா? இல்லை, வாட்ச் கம்பெனி என்று நினைத்தீர்களா?

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். பக்கத்தில் புதிதாக வந்திருக்கிற இன்டர்நேஷனல் பள்ளி மாதிரி நோட்டீஸில் பளபளப்பாகத் தெரிய வேண்டும். அதை நேராகச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன். உங்கள் புனிதரைச் சொல்ல உங்களுக்கே கூச்சமாகிவிட்டது, பழி மட்டும் எங்கள் தலையில். நாளைக்கு உங்கள் ஆட்களே என் மகளைப் பார்த்து "உங்களாலதான் பெயர் போச்சு" என்பார்கள். அதற்கு யார் பதில் சொல்வது?

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் கேட்கத்தான் போகிறேன், புகார் கொடுத்த பெற்றோர் யார் என்று. அதுவரை டைட்டன்ஸ் டீ-சர்ட்டுக்குப் பணம் கட்டுவதாக இல்லை.