ஓய்வுபெற்ற கோல்ஃப் வீராங்கனையின் ‘சொத்து மதிப்பு’: அது கணக்கு அல்ல, ஊகம்

சுற்றிவரும் கூற்று: “லொரேனா ஒச்சோவாவின் சொத்து மதிப்பு கூகலில் தேடினாலே வருகிறது; அது சரிபார்த்த தொகை.” இது தவறு.

மெக்சிகோ வீராங்கனையான ஒச்சோவா 2010இல் ஓய்வுபெற்றார். அவர் வருமானத்தில் பொதுப் பதிவில் உள்ளது, எல்பிஜிஏ (அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் கோல்ஃப் சங்கம்) சுற்றில் வென்ற பரிசுத்தொகை: சுமார் 14.8 மில்லியன் அமெரிக்க டாலர். அது மொத்த வரவு, கையிருப்பு அல்ல.

நம்மூர் சிங்கப்பூரையே பாருங்கள். 2008இல் தானா மேரா கன்ட்ரி கிளப்பில் நடந்த எச்எஸ்பிசி மகளிர் போட்டியில் 11 ஸ்ட்ரோக் (பந்தடி) வித்தியாசத்தில் வென்று 300,000 அமெரிக்க டாலர் பெற்றார். வெற்றியாளர் தன் கேடிக்கு (கோல்ஃப் பையைச் சுமந்து உதவுபவர்) வழக்கமாகக் கொடுப்பது 10 விழுக்காடு, அதாவது 30,000. வெளிநாட்டு விளையாட்டாளருக்கு இங்கே இன்றுள்ள 15 விழுக்காட்டு வரியைப் போட்டால் இன்னும் 45,000 போகும். மிச்சம் 225,000. விமானம், ஹோட்டல், பயிற்சியாளர் செலவெல்லாம் அதிலிருந்துதான்.

சொத்து மதிப்பு என்பது உடைமைகளில் கடனைக் கழித்தது. விளம்பர ஒப்பந்தம், முதலீடு, கடன் எதையும் அவர் பகிரங்கமாக அறிவிக்க வேண்டியதில்லை. ஆகவே கூகல் தேடலில் வரும் ‘சொத்து மதிப்பு’ இணையத்தளங்கள் பரிசுத்தொகையோடு தோராயமாக ஒன்றைச் சேர்த்துப் போடுகின்றன. ஐந்து தளத்தில் ஒரே எண் என்றால் ஐந்து ஆதாரம் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுதான்.

பகிருமுன் எல்பிஜிஏ தளத்தில் வீராங்கனையின் பக்கத்தைத் திறந்து பரிசுத்தொகையை ஒப்பிடுங்கள். நாணயத்தையும் பாருங்கள்: அமெரிக்க டாலர் தொகை அப்படியே சிங்கப்பூர் வெள்ளியாக மாறிவிடுவதுண்டு.