கொஞ்சூண்டு பூண்டு

"கொஞ்சூண்டு பூண்டுதானே, அது என்ன பண்ணிடப் போகுது?" இதை இன்னொரு தடவை யாராவது கேட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பே வந்துவிடும்.

எங்கள் பூனையின் எடை 4 கிலோ. போன வாரம் வந்திருந்த சித்தி, நான் குளிக்கப் போன நேரம் பார்த்து, பூண்டுப்பொடி தூவிய கோழிக்கறியை அதற்கு ஊட்டியிருக்கிறார். வேண்டாம் என்று வந்த அன்றே சொல்லியிருந்தேன். கேட்டால், "நாம சாப்பிடலையா? உடம்புக்கு நல்லதுதானே!"

நல்லதுதான் சித்தி, உங்கள் உடம்புக்கு. பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனை, நாய்களின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைக் கெடுக்கின்றன. அணுக்கள் உடைந்து ரத்தசோகை வருகிறது. அதிலும் பூனையின் ஹீமோகுளோபின் நாயுடையதைவிடச் சீக்கிரம் கெடும். நாய்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் ஆபத்து என்றால், பூனைக்கு 5 கிராமே போதும். எங்கள் பூனைக்குக் கணக்குப் போட்டால் 20 கிராம். நடுத்தர வெங்காயம் ஒன்றில் கால்வாசிகூட வராது! பூண்டு அதைவிட வீரியமானது. பொடி என்றால் கேட்கவே வேண்டாம், தண்ணீரெல்லாம் வற்றிப்போன பூண்டு அது. 60 கிலோ மனிதருக்குக் 'கொஞ்சம்' என்பதை 4 கிலோ உயிருக்கும் அதே வாயால் சொல்வது என்ன கணக்கு?

வேகவைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு கூட்டம். ஆகாது. தினமும் பூண்டு கொடுத்தால் உண்ணி ஓடிவிடும் என்று இன்னொரு கூட்டம். அதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் கிடையாது. (பெரிய நாய் ஒன்று தவறிப்போய் ஒரு பூண்டுப் பல்லை விழுங்கினால் செத்துவிடாது, அது எனக்கும் தெரியும். அதற்காகத் தினமும் ஊட்டுவதா?)

இதில் என்னை மிகவும் கடுப்பேற்றுவது தாமதம்தான். தின்ற அன்று பூனை ஜோராக விளையாடும். ரத்தசோகை வெளியே தெரியப் பல நாட்கள் ஆகலாம். அப்புறம்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும், மூச்சு வாங்கும், மூலையில் சுருண்டுவிடும். அதற்குள் ஊட்டிய மகராசி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். "வெயில் ஒத்துக்கலை போல" என்று போனில் காரணமும் சொல்வார்.

அன்றே மருத்துவரைக் கூப்பிட்டேன். தின்ற அளவு மிகக் குறைவு, ஆனாலும் ஒரு வாரம் கவனியுங்கள், ஈறு வெளுத்தால் உடனே தூக்கி வாருங்கள் என்றார். ஒரு வாரம்! காலையும் மாலையும் பூனையின் உதட்டைத் தூக்கி ஈறு பார்த்தேன். பூனைக்கு இது பிடிக்கும் என்று யாராவது நினைத்தால் என் கையைக் காட்டுகிறேன். மண்தட்டைக் கிளறிச் சிறுநீரின் நிறம் பார்த்ததை விரிவாக எழுத விரும்பவில்லை.

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. நேற்று சித்தி போன் செய்தார்.

"பாத்தியா, நான்தான் அப்பவே சொன்னேனே! அடுத்த மாசம் வரேன். பாவம், அது ரொம்ப இளைச்சுக் கிடக்கு."