பங்கு கேட்காத தங்கைதான் நல்ல தங்கையா?

பெண்ணியம் என்று எடுத்தாலே எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, "குடும்பத்தைப் பிரிக்கிற வேலை". இன்னொன்று கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது: "அதெல்லாம் அமெரிக்க யுனிவர்சிட்டியில் உட்கார்ந்து எழுதுகிற தியரி, நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" இப்படிக் கேட்கிறவரின் தங்கை சமீபத்தில்தான் சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்து, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். மாந்தோப்பு அண்ணனுக்கு, வருசத்துக்கு ஒரு சேலை தங்கைக்கு.

சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டாயிற்று. அது தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரை ஆனது, அதிலும் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களைச் சேர்க்கவில்லை, 2005 மத்தியச் சட்டத் திருத்தம் வந்துதான் அந்தக் கணக்கு நேரானது. பூர்வீகச் சொத்தில் மகளின் பங்கு பிறப்பால் வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டம் சரி. ஆனால் பங்கு கேட்டால் பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும், நாளைக்குப் பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் செய்ய ஆள் வராது என்கிற பயத்துக்கு எந்த கெஜட்டில் திருத்தம் கொண்டுவருவது? யாரும் மிரட்டாமலேயே ஒரு பெண் "எனக்கு எதுக்குண்ணா, நீயே வச்சுக்கோ" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு எப்படிப் பழக்கப்படுத்தப்பட்டது என்று ஆராய்வதுதான் ஐயா நீங்கள் கிண்டல் செய்கிற தியரி.

அதே 1989இல் அமெரிக்காவில் கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்ட அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மீது கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு அதில் வருகிறது. பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறோம் என்றது கம்பெனி. அவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். கறுப்பர்களையும் எடுத்திருக்கிறோம் என்றது, அவர்கள் ஆண்கள். இரண்டுமாக இருந்தவளுக்கு இடமில்லை, கோர்ட்டும் அவள் குறையைத் தனியாகப் பார்க்க மறுத்துவிட்டது. இதைப் பென்னாகரம் பக்கம் களை எடுக்கப் போகிற ஒரு தலித் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். பொம்பளை என்று கூலியில் ஒரு குறைப்பு, தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர் என்று இரண்டையும் ஒரே உடம்பில் வாங்கியவருக்கு இது சட்டென்று புரியும்.

புரியாமல் செய்வது எழுதுகிறவர்கள்தான். கருத்தாடல், கட்டுடைப்பு, உடலரசியல் என்று ஒரே பக்கத்தில் அடுக்கிவிட்டு, கிராமத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று கருத்தரங்கில் வருத்தப்படுவார்கள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதே 1989இல், கிருஷ்ணகிரி இன்னும் பிரியாத தர்மபுரி மாவட்டத்தில்தான். வட்டிக் கணக்கும் பேங்க் நோட்டீசும் படிக்கிற குழுப் பெண்களுக்கு உங்கள் கட்டுரை படிக்க வரவில்லை என்றால் கோளாறு யாரிடம்?

"பொம்பளைங்களே கேக்கலையே, உங்களுக்கு என்ன?" என்று அடுத்து வருவீர்கள். சரி, பத்திரம் எழுதப் போகும் முன் தங்கையிடம் ஒருமுறை இப்படிக் கேளுங்கள்: "நீ பங்கு எடுத்துக்கிட்டாலும் சீர் வரும், தீபாவளிக்கு நானே வந்து கூப்பிடுவேன், உம் பிள்ளை காது குத்துக்கு என் மடிதான். இப்ப சொல்லு, வேணுமா வேண்டாமா?"