இன்னொரு சௌகார்பேட்டை வருமா?

"இன்னும் பத்து வருடத்தில் மணலியும் மாதவரமும் இன்னொரு சௌகார்பேட்டை ஆகிவிடும் பாருங்கள்" என்ற பேச்சை அண்மைக்காலமாக அடிக்கடி கேட்கிறேன். சௌகார்பேட்டை என்பது ராஜஸ்தானிலிருந்து வந்த வணிகர்கள் தலைமுறைகளாக வாழும் வடசென்னைப் பேட்டை; மணலியும் மாதவரமும் இப்போது வடமாநிலத் தொழிலாளர்கள் வந்து தங்கும் வடசென்னைப் பகுதிகள். டீக்கடையில் சொல்கிறார்கள், உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள், நன்றாகப் படித்த நண்பர்களும் வடமாநிலத் தொழிலாளர்களோடு சென்ட்ரலில் வந்து நிற்கும் ரயில்களைக் காட்டி இதையே சொல்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. அப்படி ஆகாது என்பதே என் கணிப்பு. ஆனால் அது ஏன் ஆகாது என்று யோசித்தால், மகிழ்ச்சியடைய அதில் ஒன்றுமில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். வடசென்னையில் வந்து குடியேறியவர்கள் உருவாக்காத பேட்டை என்று ஏதாவது இருக்கிறதா? கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டை கட்டியபோது துணி நெய்யவும் வெளுக்கவும் விற்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். வெளுப்பவர்களுக்கு வண்ணாரப்பேட்டை. நெசவாளர்களுக்காக, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட் திருவொற்றியூர் அருகே ஏற்படுத்திய குடியிருப்புதான் இன்றைய காலடிப்பேட்டை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது, எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்று வலங்கை, இடங்கை என்று இரு அணிகளாகப் பிரிந்திருந்த சாதியாருக்குள் மூண்ட சண்டை, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கையாருக்கு என்று பிரித்துக் கொடுத்த பிறகே தணிந்தது. ஆர்மீனியர்கள் தங்கள் தெருவில் 1772இல் கட்டிய தேவாலயம் இன்றும் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் அச்சானது ஆர்மீனியாவில் இல்லை, இந்தச் சென்னையில்தான். பவளக்காரத் தெருவில் பவள வணிகம் செய்த யூதர்கள் போனார்கள், பின்னாளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்தார்கள். ஆகவே ஒரு கூட்டம் வந்து ஒரு தெருவில் ஒன்றாகத் தங்குவது நமக்குப் புதிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

இனி சௌகார்பேட்டைக்கு வருவோம். "அவர்கள் யாரோடும் ஒட்டமாட்டார்கள், அதனால்தான் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்" என்று நம்மவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேட்டையைக் கட்டியது ஒட்டாத குணம் இல்லை, கடன். ராஜஸ்தானின் மார்வார் பகுதியிலிருந்து புறப்பட்டு வரும் ஓர் இளைஞனுக்கு இங்கே மாமாவோ பெரியப்பாவோ ஊர்க்காரரோ ஒருவர் இருப்பார். முதலில் அவர் கடையிலேயே படுத்துக்கொள்வான். கணக்கு எழுதக் கற்றுக்கொள்வான். சில ஆண்டுகள் கழித்து அவனை நம்பி யாராவது சரக்கையோ முதலையோ கொடுப்பார்கள். அவன் பொன்னேரியிலோ அம்பத்தூரிலோ ஓர் அடகுக்கடை திறந்து நம் ஊர்ப் பெண்களுக்குச் 'சேட்டு' ஆகிவிடுவான். பத்திரம் இல்லாமல் கொடுக்கும் இந்தக் கடனுக்கு ஒரே பிணை, வாங்கியவன் ஓடிப்போனால் அவன் அப்பாவிடம் கேட்கலாம் என்பதுதான். அதற்கு எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் குடியிருக்க வேண்டும். அடுத்து சாப்பாடு. சூரியன் மறைவதற்கு முன் உணவை முடித்துவிட வேண்டிய ஒரு ஜைனக் கடைக்காரருக்கு வீடு தாம்பரத்தில் இருந்தால் எப்படி நடக்கும்? கடையும் வீடும் கோயிலும் யானைக்கவுனிக்குள்ளேயே அடங்கிப்போனதற்கு வேதாந்தத்தைவிட இந்த நடைமுறைகளே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒட்டவில்லை என்பவர்கள் ஒரு மாலை நேரத்தில் தங்கசாலைத் தெருப் பக்கம் போய் முறுக்கு சாண்ட்விச் சாப்பிட்டுப் பார்க்கலாம். நம் முறுக்கு இரண்டை எடுத்து, நடுவே வெள்ளரியும் தக்காளியும் அடுக்கி, பச்சைச் சட்னி தடவிக் கொடுப்பார்கள். அதை ராஜஸ்தானில் தேடினால் கிடைக்காது. நம் அக்கா வீட்டிலும் செய்யமாட்டார்கள். ஒரு பேட்டை நன்றாக வேரூன்றிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. வசதி வந்த குடும்பங்கள் வேப்பேரிக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் குடிபோய்விடுகின்றன. கடை மட்டும் இங்கே இருக்கிறது. புதிதாக வருபவர்கள் நகரத்தின் நெரிசலான நடுப்பகுதியில் ஒண்டி, கையில் காசு சேர்ந்ததும் வெளியே நகர்வார்கள் என்று 1920களில் சிகாகோ நகரை ஆராய்ந்த எர்னஸ்ட் பர்ஜஸ் எழுதினார். அவர் சௌகார்பேட்டையைப் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மொழி வேறு என்பதால்தான் தனிப் பேட்டை உருவாகிறது என்று நினைப்பவர்களுக்கு வியாசர்பாடி பதில் சொல்லும். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் பர்மாவில் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பலருக்கு இது பார்த்தறியாத தாய்நாடு. பேசியது நம் தமிழ், கும்பிட்டது நம் முனீஸ்வரன். இருந்தும் அவர்களுக்கென்று தனிக் குடியிருப்புகள் உருவாயின. வியாசர்பாடியில் அரசு வீட்டுமனை ஒதுக்கிய இடத்தில் குடியேறினார்கள்; 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி பர்மா பஜாரைத் திறந்தார்கள். எதிரில் செகண்ட் லைன் பீச்சில் இன்றும் அத்தோ விற்கும் தள்ளுவண்டியைப் பார்த்தால் கதை புரியும். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் கோஸும் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைகிறார் கடைக்காரர். பேஜோ என்னும் மொறுமொறுப்பான பலகாரத்தை நொறுக்கித் தூவுகிறார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பை வைக்கிறார். பர்மாவை விட்டு வரும்போது நகையும் பணமும் எடுத்துவர விடவில்லை. கைப்பக்குவத்தை யாரால் பறிமுதல் செய்ய முடியும்?

இந்த இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது? கூரை. சௌகார்பேட்டை இளைஞனும் தொடக்கத்தில் முதலாளியின் கடையில்தான் படுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முதலாளி அவன் உறவினர். அந்தப் படுக்கை சில வருடப் படுக்கை. அதன் மறுமுனையில் சொந்தக் கடையும் கல்யாணமும் காத்திருந்தன. வியாசர்பாடிக்காரருக்கு அரசு கொடுத்தது சிறிய இடம்தான், ஆனால் அவர் பஜாரில் என்ன விற்கிறார் என்பதற்கும் அந்த இடத்துக்கும் தொடர்பில்லை. வியாபாரம் படுத்தாலும் வீடு இருந்தது. இதற்கு நேர்மாறாக, 1983க்குப் பின் வந்த ஈழத்தமிழர்கள் புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்களில் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களும் உண்டு. இருந்தும் அது பேட்டையாகவில்லை, முகாமாகவே நிற்கிறது. ஏனென்றால் அந்தக் கூரை வேறொருவர் கையில் இருக்கிறது.

இப்போது மணலிக்கும் மாதவரத்துக்கும் வாருங்கள். ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் என்று வந்திருக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் எங்கே தங்கியிருக்கிறார்கள்? கான்ட்ராக்டர் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகையில். என் நண்பர் ஒருவருக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை இருக்கும் ஒரு கிடங்கின் பின்புறம் அப்படி ஒன்றைப் பார்த்தேன். வாசலில் செருப்புக் குவியல், மூலையில் உருளைக்கிழங்கு மூட்டை, கடுகெண்ணெய் டின், ஒரே பிளக்கில் தொங்கும் ஐந்தாறு செல்போன்கள். பகல் ஷிப்ட் ஆள் எழுந்த பாயில் இரவு ஷிப்ட் ஆள் படுக்கிறார். பெண் குரல் இல்லை, குழந்தைச் சத்தம் இல்லை, சாமி படம் மட்டும் இருக்கிறது. மேஸ்திரியோடு சண்டை வந்தால் அன்று மாலையே வேலையும் போகும், பாயும் போகும். வெளிமாநிலத் தொழிலாளருக்குக் கான்ட்ராக்டரே தங்குமிடம் தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. நல்ல எண்ணத்தில் எழுதிய சட்டம்தான். ஆனால் வேலையையும் கூரையையும் ஒரே கயிற்றில் கட்டிப்போடும் வழக்கத்துக்கு அதுவும் துணைபோயிருக்கிறது. 2020 ஊரடங்கில் வேலை நின்றதும் இவர்கள் கூட்டம் கூட்டமாக ஊரைப் பார்த்துப் புறப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். பேட்டையில் இருப்பவன் அப்படிப் புறப்படமாட்டான். பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்குவான்.

ஆண்கள் மட்டும் இருந்தால் பேட்டை உருவாகாதா, சான்பிரான்சிஸ்கோ சைனாடவுன் எப்படி உருவானது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்கா 1875இல் கொண்டுவந்த சட்டம் சீனப் பெண்களின் வருகையைப் பெரும்பாலும் தடுத்தது, 1882 சட்டம் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்தது. 1943 வரை அது நீடித்தது. பல பத்தாண்டுகள் பெரும்பாலும் ஆண்களே வாழ்ந்த பகுதி அது. ஆனால் அங்கே ஊர்வாரியான சங்கங்கள் இருந்தன; வேலையில்லாதவருக்குச் சங்கம் இடம் கொடுத்தது, கடிதம் வாங்கிவைத்தது, இறந்தவரின் எலும்பைக்கூட ஊருக்கு அனுப்பிவைத்தது. கட்டடங்களைச் சீன வணிகர்களே குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரத்தார் அவர்களை ஊர்க்கோடிக்குத் தள்ளப் பார்த்தபோது எதிர்த்து நின்று அதே இடத்தில் கட்டிக்கொண்டதும் அந்த வணிகர்கள்தான். மணலிக் கொட்டகைக்காரருக்கு அப்படிப்பட்ட ஊர்ச்சங்கம் எதையும் நான் பார்க்கவில்லை. செல்போன் ரீசார்ஜ் கடையும், வாரச்சந்தையில் ஹிந்தி பேசக் கற்றுக்கொண்ட நம் காய்கறிக்காரம்மாவும்தான் இருக்கிறார்கள்.

மீதிப் பங்கு நம்முடையது. சம்பாதித்து, ஊரிலிருந்து மனைவியை அழைத்துவந்து ஒற்றை அறை வாடகைக்குக் கேட்பவருக்கு நம் தெருக்களில் கிடைக்கும் பதில் என்ன? "குடும்பத்துக்குத்தான் விடுவோம்" என்று தனியாளைத் திருப்பி அனுப்புகிறோம். குடும்பத்தோடு வந்தால் "வடக்கத்தி ஆளுங்களுக்கு விடுறதில்ல" என்கிறோம். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறோம். பிறகு, கும்பலாகக் கொட்டகையில் கிடக்கிறார்கள் என்று குறையும் சொல்கிறோம். தாராவியில் நம் திருநெல்வேலிக்காரர்கள் தோல் பதனிடப் போய்க் குடியேறியதையும், டொரன்டோவின் ஸ்கார்பரோவில் ஈழத்தமிழர் கடைவீதி வைத்திருப்பதையும் பெருமையாகப் பேசும் அதே வாயால்தான் இதைச் சொல்கிறோம்.

ஆகவே மாதவரம் சௌகார்பேட்டையாகும் என்று பயப்படுபவர்களுக்கு நான் சொல்வது, அது ஆக வேண்டுமானால் அங்கே வாடகை வீடு கிடைக்க வேண்டும், ரேஷன் அரிசி கிடைக்க வேண்டும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும் என்பதுதான். ரேஷன் பிரச்சினைக்கு 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தபோது காகிதத்தில் வழி பிறந்துவிட்டது. பள்ளியில் இடம் தர மாநகராட்சி ஆசிரியர்கள் மறுப்பதில்லை, அவர்களுக்கு மாணவர் எண்ணிக்கை வேண்டும். வாடகைக்கு வீடு விடுவது மட்டும் நம் கையில் இருக்கிறது. எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஓர் ஒடியாக் குடும்பத்துக்குப் போன ஆனி மாதத்தில் மாடி போர்ஷனை விட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா கேட்ட அட்வான்ஸ் மூன்று மாதம். போட்ட ஒரே நிபந்தனை, மோட்டார் போட்டால் மறக்காமல் நிறுத்த வேண்டும் என்பது.