அது சர்ச் இல்லை, சர்ச் ஹால்

நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அந்த போட்டோவைப் பார்க்காதவர் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இனி யாரும் மிச்சமில்லை. சர்ச் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற நம்ம ஆள் ஒருத்தர், முதுகுப் பக்கமாக எடுத்தது. கீழே ஒரு வரி: "காவடி தூக்கின தோளு இப்ப எங்க போகுது பாருங்க." அதற்குச் சிரிக்கிற முகங்கள் வேறு. ரெண்டே நாளில் அவருடைய அம்மாவிடம் போய், "பையன் மதம் மாறிட்டானாமே" என்று துக்கம் விசாரித்தாகிவிட்டது.

அது சர்ச் இல்லை ஐயா, சர்ச் ஹால். அன்று அங்கே நடந்தது ஏஏ கூட்டம், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: குடியை விட நினைப்பவர்கள், பெயரை வெளியே விடாமல், ஒருத்தருக்கொருத்தர் துணையாகக் கூடுவது. அவர் ஏன் போனார் என்று நான் சொல்லப்போவதில்லை. திறந்த கூட்டம் என்றால் குடிப்பவரின் அண்ணன், மனைவி, நர்ஸிங் படிக்கிற பிள்ளை, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். மூடிய கூட்டம்தான் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். எந்த ஹால், எந்தக் கிழமை என்பதையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

ஏன் சர்ச் ஹால்? வாரநாள் சாயங்காலம் காலியாகக் கிடக்கும், வாடகை குறைவு, நாற்காலியும் கெட்டிலும் இருக்கும். அவ்வளவுதான் ரகசியம். வெளியாள் யாரிடமும் அவர்கள் நன்கொடை வாங்குவதில்லை. கூட்டத்தில் ஒரு கூடை சுற்றி வரும், அதில் விழுகிற ரேண்டில்தான் வாடகை, டீத்தூள், புத்தகம் எல்லாம். புதிதாக வந்தவர் ஒன்றும் போட வேண்டாம். கட்டணம், பதிவேடு எதுவும் கிடையாது. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரனில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது, 1946-ல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. எந்தச் சபைக்கும் அது சொந்தமில்லை.

"ஜெபம் பண்றாங்களே?" என்பீர்கள். பண்ணுகிறார்கள், மறைக்கவில்லை. கடைசியில் சேர்ந்து ஒரு பிரார்த்தனை உண்டு, சில குழுக்களில் கிறிஸ்தவ ஜெபமாகவே இருக்கும். எனக்கும் அது உறுத்தல்தான். ஆனால் குடியை விட ஏஏ சொல்கிற பன்னிரண்டு படிகளில் எழுதியிருப்பது 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்'. முருகா என்று சொல்லிக்கொள்ளுங்கள், வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். சரி, இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

அடுத்தது நம்ம பிரம்மாஸ்திரம்: "புரட்டாசி முழுக்கத் தொடாதவனுக்குக் கூட்டம் எதுக்கு?" புரட்டாசிக்கு முடிகிற தேதி ஒன்று இருக்கிறதே அண்ணா! அவன் விரலை மடக்கி நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். மாதம் முடிந்த மறுநாள் லிக்கர் ஸ்டோர் வாசலைப் போய்ப் பாருங்கள். இதைவிட ஆபத்தான பேச்சு ஒன்று உண்டு. தினமும் காலையிலேயே ஊற்றிக்கொள்பவரிடம் "நாளைக்குப் புரட்டாசி, இன்னியோட நிறுத்து" என்பது. கடைசி கிளாஸுக்கு ஆறு, எட்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. உயிரே போகலாம். சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசி உட்கார வைக்கிற நேரமில்லை அது. முதலில் டாக்டர், நடுக்கத்துக்கு மருந்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசி. அதன் பிறகுதான் கூட்டம். கூட்டத்தில் மருந்து தரமாட்டார்கள், அது ஆஸ்பத்திரி இல்லை. சர்ச்சும் இல்லை, திரும்பச் சொல்கிறேன்.

அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஒருத்தர் முதல் தடவை போனார். கதவோரம் உட்கார்ந்தார், முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டார். "எல்லாம் இங்கிலீஷ், நம்ம ஆளே இல்லை" என்றார். பலரும் இங்கேதான் நிற்கிறார்கள். ஒரு குழுவைப் பார்த்துவிட்டு ஏஏ-வே இப்படித்தான் என்கிறார்கள். குழுவுக்குக் குழு வேறு மாதிரி இருக்கும், மூன்று நான்கு பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் முன்னால் போய், கெட்டில் பக்கத்தில் நிற்பவரிடம் "புதுசு" என்றால் போதும். பேச இஷ்டமில்லையென்றால் "இன்னிக்குக் கேட்கிறேன்" என்று சொல்லலாம். வரும்போது இரண்டு போன் நம்பராவது வாங்கிக்கொள்ளுங்கள். கை அரிக்கிற ராத்திரியில் அந்த நம்பர்தான் உதவும். இவர் அடுத்து டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு குழுவுக்குப் போனார். அங்கே அவருடைய சொந்த மச்சான்! இரண்டு பேரும் வீட்டில் 'நைட் ஷிஃப்ட்' என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்.

ஏன் நைட் ஷிஃப்ட்? உங்கள் போட்டோவுக்குப் பயந்துதான். அனானிமஸ் என்று பெயரிலேயே வைத்திருக்கிறார்கள், கேட்டில் போனோடு நாம் நிற்கிறோம்.

"அக்கறையில்தான் போட்டோம்" என்கிறார் ஒரு அக்கா. அக்கறை இருந்தால் அவர் மனைவியிடம் அல்-அனான் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். குடிப்பவர் வராவிட்டாலும் வீட்டுக்காரர்கள் போகலாம், 1951-லிருந்து அதற்காகவே நடக்கிறது. அதற்கு ஒரு ஃபார்வர்டும் வரவில்லை.

சர்ச் ஹால் உறுத்துகிறதென்றால் கோயில் மண்டபத்தைக் கொடுங்களேன். வாரத்தில் ஒன்றரை மணி நேரம், ஏஏ-காரர்கள் வாடகைக்குத்தான் கேட்டார்கள். "குடிகாரங்களைக் கோயிலுக்குள்ளயா?" என்று பதில் வந்தது. போன மாதம் அதே மண்டபத்தில் கல்யாணம். உள்ளே நாதஸ்வரம். வெளியே கார் பார்க்கில் ஏழெட்டு டிக்கிகள் திறந்திருந்தன, கூலர் பாக்ஸில் ஐஸ், பேப்பர் கப், மாப்பிள்ளையின் தாய்மாமனே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அட்மின் மாமா, குரூப்பில் யார் போட்டதையும் நீங்கள் அழிக்க முடியும். படத்தை அழுத்திப் பிடித்து டெலீட் கொடுத்தால் போதும். இன்று காலையிலும் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.