கானாவூர்த் திராட்சரசமும் நம்முடைய கிண்ணமும்

சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமண ஆராதனையில் செய்தி கொடுத்த போதகர், கானாவூர்க் கல்யாண வீட்டில் இயேசு தண்ணீரை மாற்றி உண்டாக்கிய திராட்சரசம் வெறும் பழச்சாறுதான் என்றும், போதை தரும் ஒன்றைக் கர்த்தர் உண்டாக்கியிருக்கவே மாட்டார் என்றும் அடித்துச் சொன்னார். கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. பிறகு பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த சித்தப்பா, "என்னடே, நீ குடிகாரன் கட்சியா?" என்று கேட்டார். அவருக்கு அங்கே சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் நிலை. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. இதுவரை மதுவைத் தொட்டதில்லை, இனியும் தொடப்போவதில்லை. கிறிஸ்தவர்கள், அதிலும் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள், மதுவை அறவே விலக்குவதே நல்லது என்று நம்புகிறேன். அதற்கு நாம் சொல்லும் காரணம் தவறாக இருக்கிறது என்பதே என் வருத்தம்.

தமிழ் வேதாகமத்தை மட்டும் படிப்பவருக்கு இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை. யோவான் 2ஆம் அதிகாரத்தில் 'திராட்சரசம்' என்று நாம் படிப்பதும், எபேசியர் 5:18இல் 'மதுபான வெறிகொள்ளாமல்' என்ற எச்சரிப்பில் 'மதுபானம்' என்று படிப்பதும், கிரேக்க மூலத்தில் ஓய்னோஸ் என்ற ஒரே சொல்தான். ரசம் என்றதும் நம் காதில் சாறு என்று விழுகிறது. மதுபானம் என்றதும் கடைத்தெருவும் சாக்கடையோரமும் நினைவுக்கு வருகின்றன. அதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. ஜனங்கள் 'திருப்தியடைந்தபின்பு' ருசி குறைந்ததைக் கொடுப்பார்கள் என்று பந்திவிசாரிப்புக்காரன் சொல்வதாக நம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. மூலத்தில் அங்கே இருப்பது வெறிகொள்வதைக் குறிக்கும் வினைச்சொல். கொரிந்து சபையின் பந்தியில் 'ஒருவன் வெறியாயிருக்கிறான்' என்று அப்போஸ்தலன் பவுல் கண்டிக்கும் இடத்தில் வருவதும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லே. நம் முன்னோர் மரியாதைக்காக மென்மையாக்கினார்களோ என்னவோ, அந்த மென்மையின் மேல் நாம் ஓர் உபதேசத்தையே கட்டிவிட்டோம். கொரிந்து சபையாரைப் பவுல் கண்டித்தது அவர்களுடைய பேராசைக்காகவும் வெறிக்காகவும்தான். பானத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

என் தாத்தா பனையேறி. பதநீருக்கும் கள்ளுக்கும் என்ன வேறுபாடு என்று தேரிக்காட்டுப் பக்கம் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு. அதைத் தடவாமல் பாளையில் கட்டிய கலயத்தில் இரவெல்லாம் வடிந்தது விடியும்போதே புளிக்கத் தொடங்கியிருக்கும். புளிக்காமல் காப்பதற்குத்தான் மனிதன் பாடுபட வேண்டும். புளிப்பது தானாகவே நடக்கும். திராட்சைக்கும் இதே கதைதான். பாலஸ்தீனத்தில் திராட்சை அறுவடை கோடையின் இறுதியில். கானாவூர்க் கல்யாணத்தை அடுத்து யோவான் குறிப்பிடும் பஸ்கா என்ற யூதப் பண்டிகை வருவது வசந்த காலத்தில். இடையில் ஆறு மாதத்துக்கு மேல். காய்ச்சிப் பாகாக்கி வைக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் தீர்ந்துபோய் இயேசுவின் தாயார் கவலைப்படும் பொருள் பாகு அல்ல. இயேசு தண்ணீர் நிரப்பச் சொன்னவை, அக்கால அளவில் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் ஆறு கற்சாடிகள் என்றால் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 450 முதல் 700 லிட்டர் வரை வரும். அத்தனையும் நல்ல திராட்சரசம் என்று மெச்சப்பட்டது. புளிக்காத திராட்சைச் சாற்றை அடைத்து வைத்துத் திருவிருந்தில், அதாவது இராப்போஜனத்தில், பயன்படுத்தும் முறை 1869இல்தான் தொடங்கியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், லூயி பாஸ்டர் கண்டுபிடித்த சூடாக்கும் முறையைத் தன் சபையின் கிண்ணத்துக்காகக் கையாண்டார். அந்தச் சாற்றை முதல் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய் ஊற்றுவது நேர்மையல்ல.

இதைச் சொன்னவுடன் மறுபக்கத்தார் மகிழ வேண்டாம். 'கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்' என்று பவுல் தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதியதை உரிமச் சீட்டுபோல் நீட்டுகிறவர்கள், அந்த வசனம் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் சொன்ன மருந்து என்பதை ஏன் மறக்கிறார்கள்? அதுவரை தீமோத்தேயு தண்ணீர் மட்டுமே குடித்து வந்தவர் என்பதையும் அதே வசனம் காட்டுகிறது. மேலும், அக்காலத்தார் திராட்சமதுவில் தண்ணீர் கலந்து குடித்தார்கள். வடித்தெடுத்த சாராயத்தை அவர்கள் அறியார்கள். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்திப் புட்டியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கிறது. அதில் ஒரு குவார்ட்டரை வாங்கிக்கொண்டு கானாவூரைப் பேசுவது பேச்சே அல்ல.

மதுவைத் தொடாத குடும்பத்தாராகப் பழைய ஏற்பாட்டில் வரும் ரேகாபியரை மேற்கோள் காட்டுவோரும் உண்டு. எரேமியா தீர்க்கதரிசி தேவாலய அறையில் அவர்கள் முன் மதுக் கிண்ணங்களை வைத்தபோது, எங்கள் தகப்பன் கட்டளையிட்டபடி நாங்கள் குடிக்கமாட்டோம் என்று மறுத்தார்கள். கர்த்தர் அவர்களுடைய கீழ்ப்படிதலை மெச்சினார், ஆனால் இஸ்ரவேல் முழுவதுக்கும் அதைச் சட்டமாக்கவில்லை. அதே தகப்பன் வீடு கட்டவும் விதை விதைக்கவும் கூடாது, கூடாரத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். ரேகாபியரைக் காட்டிப் பிரசங்கிக்கிற நம்மில் யாரும் கூடாரத்தில் குடியிருப்பதாகத் தெரியவில்லை.

திருச்சபைகளும் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. 1743இல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் சங்கங்களுக்கு வகுத்த விதிகள் சாராயத்தைத் தடுத்தன, திராட்சமதுவைத் தடுக்கவில்லை. இரட்சணிய சேனை என்ற திருச்சபையின் போர்ச்சேவகர்கள், அதாவது உறுப்பினர்கள், மதுவை அறவே விலக்குவதாகக் கையெழுத்திடுகிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலிக்கு இயற்கையான திராட்சமதுவே வேண்டும். மதுவைத் தொட முடியாத குருவானவர்கள் அனுமதி பெற்றுப் புளிப்பு நிறுத்தப்பட்ட சாற்றைப் பயன்படுத்தலாம். ஆங்கிலிக்கன் பேராயர்களோ 1888ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டில், புளிக்காத சாற்றைத் திருவிருந்தில் பயன்படுத்துவதற்கு ஆண்டவரின் முன்மாதிரியில் இடமில்லை என்று தீர்மானம் போட்டார்கள்.

எனக்கு மதுவிலக்கின் ஆதாரம் ரோமர் 14ஆம் அதிகாரம். சகோதரன் இடறுவதற்கு ஏதுவானால் மாம்சம் புசியாமலும் மதுபானம்பண்ணாமலும் இருப்பதே நன்மை என்கிறார் பவுல். பொருள் தீட்டு என்று அவர் சொல்லவில்லை, பக்கத்தில் இருப்பவனைப் பார் என்கிறார். கூலியில் பாதி கடையிலேயே இறங்கிவிடும் வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கும் ஊரில், இந்த ஒரு வசனமே நான் குடிக்காமலிருக்கப் போதும். ஆனால் இது நம்மிடம் கூடுதலாகவும் கேட்கிறது. கானாவூரில் பழச்சாறு என்று நம்பிவிட்டால் நான் குடிக்காதவன் என்பதோடு கடமை முடிந்துவிடுகிறது. ரோமர் 14 அப்படி விடுவதில்லை.

எங்கள் சபையில் ஓர் அண்ணன் இருக்கிறார். இருபது ஆண்டு குடித்தவர், நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இராப்போஜன ஞாயிறுகளில் அவர் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவார். மறைவாகக் குடிக்கிறார், குற்ற மனசாட்சி என்று பேச்சு எழுந்தது. நானும் கொஞ்சம் நம்பினேன். ஒரு நாள் நேரில் கேட்டபோது, "அந்தக் கிண்ணத்துல வாற வாசனை போதும் தம்பி, மத்தியானம் நான் எங்க நிப்பேன்னு எனக்கே தெரியாது" என்றார். எங்கள் கிண்ணத்தில் உண்மையான ஒயின்.

சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் எழுதிக் கொடுத்தேன்: உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றை, அன்றன்றைக்கு, தனிக் கிண்ணத்தில் வைக்கலாமே என்று. ஒரு சொட்டுத்தானே என்றார் ஒருவர். பாரம்பரியத்தை மாற்றக்கூடாது என்றார் இன்னொருவர். இந்த இருவரும் திருமண வீட்டில் கானாவூர்ப் பழச்சாற்றுக்கு உரத்த குரலில் ஆமென் சொன்னவர்கள். ஆண்டவர் கொடுத்தது சாறுதான் என்றால் நம் கிண்ணத்தில் ஒயின் எதற்கு என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார்கள்.

அடுத்த கூட்டம் 15ஆம் தேதி. அதுவரை அப்பத்தை மட்டும் அண்ணனுக்குக் கொடுக்க ஆயர் சம்மதித்திருக்கிறார். போன ஞாயிறு அண்ணன் வந்து முழங்காற்படியிட்டு அதை வாங்கினார். கிண்ணம் தம் வரிசைக்கு வருமுன் எழுந்து, தலையைக் குனிந்தபடி இடத்துக்குத் திரும்பினார்.